1990: குவைத்துக்கு ஒரு படிவம், வாவிக்கரைக்கு ஒரு மௌனம்

1990ஆம் ஆண்டை உலக வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் விடுதலையின் ஆண்டாகவே எழுதுகிறார்கள். பெப்ரவரி 11ஆம் திகதி நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசத்தின் பின் வெளியே வந்தார். மார்ச் 21ஆம் திகதி நமீபியா சுதந்திரம் பெற்றது. ஒக்டோபர் 3ஆம் திகதி இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றாயின. ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்ததுதான் அந்த ஆண்டின் பெரிய அநியாயமாகப் பதிவாகியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அந்த ஆண்டைக் கடந்து வந்தவர்களிடம் வேறொரு நாட்காட்டி இருக்கிறது.

அப்போது எனக்கு 16 வயது. மார்ச் 24ஆம் திகதி இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியபோது, இனி நிம்மதிதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த நம்பிக்கை மூன்று மாதம்கூட நிற்கவில்லை. ஜூன் 11ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள். சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. எழுவான்கரையில் இருந்த நாங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தோணியில் படுவான்கரைக்குப் போனோம்.

அங்கே மின்சாரம் இல்லை. பற்றரிகளைப் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் பிபிசி தமிழோசை கேட்போம். ஓகஸ்ட் மாதம் முழுவதும் குவைத், குவைத் என்றே செய்தி வந்தது. எங்களோடு இடம்பெயர்ந்து வந்த பக்கத்து வீட்டு மாமி வானொலியை விட்டு நகரமாட்டா. அவவின் மகள் குவைத்தில் பணிப்பெண்ணாக இருந்தா. பாலைவனம் கடந்து ஜோர்தானுக்குப் போனவர்களில் அவவும் ஒருத்தி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஈராக் குவைத்துக்குள் புகுந்த மறுநாள் இரவு, ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்னர், ஜூலை 12ஆம் திகதி, காத்தான்குடி நோக்கிப் பயணித்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர். ஓகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க இயேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் ஹெபேர், வாகனம் ஓட்டி வந்த தமிழ் இளைஞனோடு வழியில் காணாமற்போனார்.

செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் இருந்து 158 பேரை இராணுவம் கொண்டுசென்றது. 23ஆம் திகதி மேலும் 16 பேர். அவர்களில் யாரும் திரும்பவில்லை. இடையில் 9ஆம் திகதி, சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி கிராமங்களில் இருந்து கூட்டிச்செல்லப்பட்ட 180க்கும் மேற்பட்டோர் சத்துருக்கொண்டான் இராணுவ முகாமில் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். தப்பி வந்தவர் ஒருவர்.

அந்தச் செப்டெம்பரில் மாமியின் மகனும் போனான். ஒரு முகாமில் இருந்து கூட்டிச்செல்லப்பட்டவன். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று சொல்லப்பட்டது.

இந்த இரு பிள்ளைகளுக்கும் உலகம் செய்தது என்ன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், நீதி எப்படி இயங்குகிறது என்பது விளங்கும்.

குவைத் மீட்கப்பட்ட 1991ஆம் ஆண்டிலேயே ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கு அதற்கு ஒதுக்கப்பட்டது. குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்த சாதாரண தொழிலாளர்களுக்கும் ஒரு படிவம் இருந்தது. தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டொலர். அரசாங்கங்கள் தங்கள் நாட்டவரின் படிவங்களைச் சேர்த்து அனுப்பின, இலங்கையும் அனுப்பியது. சுமார் 15 இலட்சம் கோரிக்கைகளுக்கு 52.4 பில்லியன் டொலர் கொடுத்து முடிந்தது 2022 பெப்ரவரியில்.

அடுத்த மாதமே, 2022 மார்ச்சில், காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு ஒரு தடவை மட்டும் ஒரு இலட்சம் ரூபா வழங்க இலங்கை அமைச்சரவை அனுமதி அளித்தது. தாய்மார் அதை நிராகரித்து வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது காசு அல்ல. பிள்ளையை யார் கொண்டுபோனது, என்ன செய்தது என்ற பதில்.

மாமியின் மகளுக்குக் குவைத் காசு கிடைத்தது. அதில்தான் வீட்டுக்கு ஓடு போட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் இறப்பதற்கு முன் மாமி என்னிடம் சொன்னா: "பொடிச்சிக்கு எங்கயோ இருக்கிறவனெல்லாம் கணக்குப் பார்த்து அனுப்பினான் மனே. பொடியனுக்கு ஒரு துண்டுக் கடிதம் வரல்ல."

ஏன் இந்த வித்தியாசம்? எண்ணெய் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. குவைத்தில் குற்றம் செய்த அரசு போரில் தோற்றிருந்தது; கட்டாயப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காகப் படிவம் நிரப்ப அவர்களின் அரசுகள் இருந்தன. வந்தாறுமூலைக்கும் சத்துருக்கொண்டானுக்கும் படிவம் நிரப்பியிருக்க வேண்டிய அரசே குற்றம் சாட்டப்பட்ட தரப்பு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள், தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள். இரண்டு பக்கத்திலும் கேட்க ஆள் இல்லை.

தொண்ணூறுகளில் பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழு மட்டக்களப்பில் சாட்சியம் பெற்றது. வந்தாறுமூலை முகாமைப் பொறுப்பெடுத்திருந்த பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதன்முன் சாட்சி சொன்னார்கள். அறிக்கை வந்தது, வழக்கு வரவில்லை. பின்னர் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் வந்தது. கோப்புகள் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போயின.

இதில் எங்கள் பங்கும் உண்டு. ஓகஸ்டில் காத்தான்குடி அழுகிறது. செப்டெம்பரில் நாங்கள் அழுகிறோம். அவர்களுடைய பட்டியலில் எங்கள் பெயர்கள் இல்லை. எங்கள் பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. குருக்கள்மடத்துப் புதைகுழியைத் தோண்ட வேண்டும் என்று களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்தில் நிற்பவர்களும், செம்மணியில் எலும்புகளைப் பார்த்து நிற்பவர்களும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். ஒருவரின் குழியைத் தோண்டு, மற்றவரின் குழியை மூடு என்று கேட்பவனின் குரலை எந்த நீதிமன்றமும் நம்பாது. அதனால் இலாபம் அடைவது இரண்டு தரப்பையும் கொன்றவர்கள்தான்.

குவைத்தின் கணக்கு முடிந்ததற்கு இன்னொரு காரணம், அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் இருந்தது. எங்கள் தாய்மாரில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களிடம் இன்றே கேட்டு எழுதுங்கள்: பெயர், வயது, ஊர், கொண்டுபோன திகதி, உடுத்திருந்த உடுப்பு, கண்டவர் யார், எங்கெங்கே முறைப்பாடு கொடுத்தார்கள். தமிழர், முஸ்லிம் என்று தாளைப் பிரிக்காமல், வாவிக்கரையின் 1990 என்று ஒரே கொப்பியில் எழுதுங்கள்.

மாமியின் மகனுடைய தாளை நான் எழுதி வைத்திருக்கிறேன். நீல நிறச் சேட்டு, கறுப்புக் கோடு போட்ட சாரம், 19 வயது.