டெமோவுக்கு 'சூப்பர்' போடுகிறவர்கள் கவனத்துக்கு

ஒரு இண்டி கேமின் டெமோ வெளியாகிறது. செய்தவர் ஒரே ஒரு ஆள், மிஞ்சிப் போனால் மூன்று பேர். பெரிய கம்பெனியின் பணமோ விளம்பரமோ கிடையாது. இரண்டு மூன்று வருடம் ராத்தூக்கம் கெட்டுச் செய்ததில் ஒரு துண்டை மட்டும் இலவசமாக வைத்து, "ஆடிப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பதிலுக்கு என்ன வருகிறது? "சூப்பர்". "அருமை, தொடருங்கள்". "வாழ்த்துக்கள் நண்பா". "எப்ப ரிலீஸ்?" அதற்குக் கீழே ஒரு புண்ணியவான் "மொக்கை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டு நடையைக் கட்டுகிறார். முடிந்தது பின்னூட்டம்.

ஆறு மாதம் கழித்து அதே கேம் காசுக்கு வருகிறது. இப்போதுதான் எல்லோருக்கும் வாய் திறக்கிறது. "கன்ட்ரோல் கேவலம்." "எழுத்து கண்ணுக்கே தெரியலை." "ரெண்டாவது லெவல்ல எங்க போறதுன்னே புரியலை, காசைத் திருப்பிக் குடு." கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்புகிறது, மதிப்பெண் சரிகிறது, கேம் படுத்துவிடுகிறது.

டெமோவிலும் இதே கன்ட்ரோல்தானே இருந்தது? இதே பொடி எழுத்துதானே? அப்போது ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை? திருத்த முடிகிற நேரத்தில் பாராட்டு, திருத்த முடியாத நேரத்தில் திட்டு. இதற்கு விமர்சனம் என்று பெயர் வைப்பது அநியாயம். இது போஸ்ட்மார்ட்டம். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் போஸ்ட்மார்ட்டத்தில் யாரும் பிழைப்பதில்லை.

டெமோ எதற்கு?

முதலில் இது புரிய வேண்டும். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் 'டூம்' கேமை வெளியிட்டபோது முதல் அத்தியாயம் முழுவதையும், அதாவது ஒன்பது லெவல்களை, இலவசமாகவே விட்டது. பிடித்திருந்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்கலாம். அது கடைக்காரர் நீட்டுகிற சாம்பிள் அல்வா மாதிரி. அல்வா ஏற்கெனவே கிண்டி இறக்கியாகிவிட்டது, ருசி பார்க்கிறவர் சொல்லி அதில் எதுவும் மாறப்போவதில்லை.

இண்டி டெமோ வேறு சாதி. அடுப்பில் இருக்கும்போதே கரண்டியில் எடுத்து "உப்பு சரியா இருக்கா பாரு" என்று நீட்டுவது அது. 2009 மே மாதம் மைன்கிராஃப்ட் முதன்முதலில் பொதுமக்கள் கைக்கு வந்தபோது அது முடிந்த கேமே இல்லை. 1.0 என்ற எண்ணோடு வந்தது 2011 நவம்பரில்தான். நடுவில் இரண்டரை வருடம் ஆடுகிறவர்களின் கண் முன்னாலேயே அது வளர்ந்தது. டோபி ஃபாக்ஸ் 'அண்டர்டேல்' டெமோவை வெளியிட்டது 2013 மே மாதம். அதற்கடுத்த மாதமே கிக்ஸ்டார்ட்டரில் 5,000 டாலர் கேட்டார், 51,000 டாலருக்கு மேல் கிடைத்தது. முழு கேம் வந்தது 2015 செப்டம்பரில். டெமோவுக்கும் கேமுக்கும் நடுவில் இப்படி வருடக்கணக்கில் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியில் சொல்லப்படுகிற ஒவ்வொரு வரிக்கும் மதிப்பு உண்டு. உப்பு பார்க்கச் சொன்னவரிடம் "சூப்பர்" என்று தலையாட்டிவிட்டு, பந்தியில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தால் எப்படி இருக்கும்?

"பாவம், சின்னப் பசங்க..."

"ஓசியில் கொடுக்கிறார்கள், அதில் போய்க் குறை சொல்லலாமா? பாவம்ப்பா, ஒத்தை ஆளாகச் செய்திருக்கிறார்" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாவம் பார்ப்பதுதான் அவருக்குச் செய்கிற மிகப் பெரிய பாவம்.

பெரிய கம்பெனிக்கு டெஸ்டிங் என்று தனி அணியே உண்டு. ஆட்களைக் கூட்டி வந்து உட்காரவைத்து, அவர்கள் திணறுவதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று குறிப்பெடுக்க முடியும். ஒத்தை ஆளுக்கு ஏது அதெல்லாம்? தன் கேமை அவரே ஆயிரம் தடவை ஆடியிருப்பார். எந்தச் சுவருக்குப் பின்னால் சாவி இருக்கிறது என்று அவர் கைக்கே தெரியும். அதனாலேயே, முதல் முறை ஆடுகிறவர் எங்கே முழிப்பார் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அந்த ஒன்றை மட்டும் வெளியாள்தான் கொடுக்க முடியும்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை யோசித்துக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். அதில் இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். மதுரைக்காரர் யாரும் அதில் ஒரு நொடிகூட நிற்க மாட்டார். இட்லிப் பாத்திரத்தையே பார்த்திராதவர் நின்று யோசிப்பார். அந்தப் புதிர் சரியான அளவில் கஷ்டமா, அநியாயத்துக்குக் கஷ்டமா என்று இந்த இருவரில் யாரிடம் கேட்க வேண்டும்? மதுரைக்காரர் "சூப்பர்" என்றால் அது மனசுக்கு இதம், அவ்வளவுதான். தெரியாதவர் "இங்கே முழித்தேன்" என்றால் அதுதான் தகவல்.

வலியைச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டை எழுதாதீர்கள்

"சூப்பர்" கோஷ்டியைத் திட்டியதும் இன்னொரு கோஷ்டிக்கு உற்சாகம் வந்துவிடும். டெமோவைப் பத்து நிமிடம் ஆடிவிட்டு, "துப்பாக்கி வையுங்க, மல்டிபிளேயர் வேணும், ஓப்பன் வேர்ல்டா மாத்துங்க, ஹீரோ முடி கலரை மாத்துங்க" என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போடுகிறவர்கள் இவர்கள். ஜல்லியடிப்பு என்றால் இதுதான். அவர்கள் கேட்பது வேறொரு கேம். அதை ஆடவேண்டும் என்றால் அவர்களே செய்துகொள்ள வேண்டியதுதான் :-)

வயிற்று வலிக்காரர் டாக்டரிடம் போகிறார். வலி எங்கே, எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்ட பிறகு என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அதில் அவர் சொல்வதுதான் இறுதி. டாக்டரே ஆனாலும் "உனக்கு வலிக்கவில்லை" என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த மாத்திரை என்பது டாக்டர் வேலை.

தாவுகிற கேம்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். விளிம்பிலிருந்து தாவுவதற்குப் பொத்தானை அழுத்துகிறோம். ஆள் தாவாமல் பள்ளத்தில் விழுகிறான். "அழுத்தினேன், தாவலை" என்கிறார் ஆடுகிறவர். நிரலைப் பார்த்தால் தப்பே இருக்காது. அவர் அழுத்தியபோது ஆளின் கால் விளிம்பைக் கடந்து ஒரு கண் சிமிட்டும் நேரம் ஆகியிருக்கும், கால் தரையில் இல்லை என்றால் தாவ முடியாது என்பது விதி. விதிப்படி டெவலப்பர் சரி. அனுபவப்படி ஆடுகிறவர் சரி. ஆடுகிறவரே மருந்து எழுதினால் "தாவும் உயரத்தைக் கூட்டுங்க" என்பார். கூட்டினால் எல்லா லெவலும் கெட்டுக் குட்டிச்சுவராகும், வலியும் போகாது. உண்மையான மருந்து வேறு: விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு சில ஃபிரேம் நேரம் தாவ அனுமதிப்பது. கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடி, கீழே பார்த்த பிறகே விழுகிற கயோட்டியை வைத்து இதற்கு 'கயோட்டி டைம்' என்றே பெயர். 2018-ல் வந்த 'செலஸ்டே' இதை அழகாகச் செய்திருக்கிறது. அவ்வளவு கஷ்டமான கேம் ஏன் கைக்கு இதமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே "அழுத்தினேன், தாவலை" என்பது தங்கம். "கன்ட்ரோல் மொக்கை" என்பது குப்பை. இரண்டையும் எழுத ஆகிற நேரம் ஒன்றுதான்.

எண்ணிக்கைகளை வைத்துச் சரிசெய்துவிடலாமே என்று கேட்கலாம். ஓரளவு முடியும். 2017 நவம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை 'ஸ்லே தி ஸ்பையர்' முழுமையடையாத நிலையிலேயே விற்கப்பட்டது. எந்தச் சீட்டை எத்தனை பேர் எடுக்கிறார்கள், எடுத்தவர்கள் ஜெயிக்கிறார்களா என்ற கணக்கை வைத்து அதன் சீட்டுகளைச் சமன் செய்தார்கள். ஆனால் ஒரு சீட்டை யாருமே எடுக்கவில்லை என்று மட்டும்தான் கணக்கு சொல்லும். பலவீனமாக இருந்ததாலா, அதில் எழுதியிருந்தது புரியாததாலா என்று சொல்லாது. அதற்கு ஒரு மனிதர் வாயைத் திறக்க வேண்டும்.

எதிர்த் தரப்பும் யோக்கியம் இல்லை

பழியை எல்லாம் ஆடுகிறவர்கள் தலையில் கட்டினால் நியாயம் ஆகாது. டெவலப்பர்கள் செய்கிற கூத்தும் இருக்கிறது.

ஸ்டீமில் வருடத்துக்கு மூன்று முறை 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' என்று ஒரு டெமோ திருவிழா நடக்கிறது. 2021 ஜூனிலிருந்து இந்தப் பெயர். ஒரு வாரம் நடக்கும், ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். 2025-ல் ஒரே திருவிழாவில் டெமோக்கள் 2,000-ஐத் தாண்டின. இந்தக் கூட்டத்தில் தலை தெரிந்தால் போதும் என்று, ரிலீஸுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது டெமோவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் பலர். குறி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தார்கள்? அதன் அடியில் "உங்கள் கருத்துகளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்" என்று ஒரு வரி. மூன்று வாரத்தில் என்னத்தைத் திருத்துவார்கள்? இலை போட்டுவிட்டு உப்பு பார்க்கச் சொல்வது மாதிரி. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று சொல்லிவிடலாம், அதில் கேவலம் இல்லை. கருத்து கேட்பதாக நடிப்பதுதான் கேவலம். பத்து இடத்தில் நேர்மையாக எழுதி, பத்திலும் ஒன்றும் மாறாததைப் பார்த்தவர், பதினொன்றாவது இடத்தில் "சூப்பர்" போட்டுவிட்டுத்தான் போவார்.

டெமோவே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. டெமோ விட்டால் விற்பனை பாதியாகக் குறையக்கூடும் என்று 2013-ல் டைஸ் மாநாட்டில் ஜெஸ்ஸி ஷெல் பேசியது ரொம்ப நாள் சுற்றி வந்தது. ஆடிப் பார்த்தவர்கள் ஆசை தீர்ந்து போய்விடுவார்களாம். அப்படியென்றால் அந்தச் செய்தியைத் தாங்கி வந்த டெமோவை ஏன் உதைக்க வேண்டும்? ஒளித்து வைத்தாலும் 2015-லிருந்து ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, பதினான்கு நாளுக்குள் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். டெமோவில் போக வேண்டிய ஆள் காசோடு திரும்பிப் போவார். டெமோவை மறைப்பது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது.

இந்த இரண்டு மணி நேர விதி சின்ன கேம்களை எப்படி அடிக்கிறது என்பதும் தனிக் கொடுமை. 2021-ல் 'சம்மர் ஆஃப் 58' என்ற கேமைச் செய்த எமிகா கேம்ஸ், முழுக்க ஆடி முடித்தும் இரண்டு மணி நேரம் ஆகாததால் நிறையப் பேர் காசைத் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி, கேம் செய்வதையே காலவரையறையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. காசு திரும்பிப் போவதும் ஒருவகைப் பின்னூட்டம்தான், ஆனால் அது ஊமைப் பின்னூட்டம். அதை வைத்து ஒரு லெவலைக்கூடத் திருத்த முடியாது.

"ஓசி டெஸ்டரா நாங்க?"

நல்ல கேள்வி, தள்ளிவிட முடியாது. ஒரே சுவரில் நூறு முறை முட்டிப் பார்ப்பது, பழைய கம்ப்யூட்டர் பத்தில் ஓட்டிப் பார்த்து அறிக்கை எழுதுவது எல்லாம் தொழில். அதற்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். இண்டி என்பதற்காக அது தர்மகாரியம் ஆகிவிடாது.

ஆனால் இங்கே கேட்கப்படுவது அது இல்லை. அரை மணி நேரம் ஆடியாகிவிட்டது. என்ன நடந்தது என்பது மண்டையில் இருக்கிறது. அதை நான்கு வரியில் எழுதினால் போதும். எத்தனையாவது நிமிடத்தில் சலித்தது? எங்கே என்ன நடக்கும் என்று நினைத்தார், என்ன நடந்தது? எங்கே நிறுத்தினார், ஏன் நிறுத்தினார்? எந்த இடத்தில் சிரித்தார் அல்லது பயந்தார்? கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் நன்றாக இருப்பது எது என்று தெரியாவிட்டால் டெவலப்பர் அதையே வெட்டிவிடக்கூடும். கம்ப்யூட்டரா லேப்டாப்பா, கீபோர்டா கன்ட்ரோலரா என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தால் கும்பிடு போடுவார்கள். 'மொக்கை' என்று எழுதியே தீர வேண்டும் என்றால்கூட, 'பன்னிரண்டாவது நிமிஷத்துல மொக்கை' என்று எழுதலாமே. அந்த ஒரு எண்ணுக்கே மதிப்பு உண்டு.

2024-ல் மட்டும் ஸ்டீமில் வந்த கேம்கள் 18,000-க்கும் மேல். பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் யாராலும் காப்பாற்ற முடியாது, எல்லாம் காப்பாற்றத் தகுந்தவையும் இல்லை. ஆனால் ஒருவர் விரும்பி இறக்கி, அரை மணி நேரம் ஆடி, 'இது நல்லா வந்தா வாங்கலாம்' என்று நினைத்த கேம் ஒன்றாவது இருக்கும். அதற்கு "சூப்பர்" போட்டுவிட்டுப் போகிறவர், ரிலீஸான பிறகு "கன்ட்ரோல் கேவலம்" என்று எழுத வரும்போது ஒன்றை நினைவில் வைக்கட்டும்: அவரிடம் முன்பே ஒருமுறை கேட்டார்கள்.