பாட்டு எங்கே போயிற்று?

சென்ற மாதம் கோம்பையில் விவசாயத் தொழிலாளர் கூலிக் கூட்டம். பேச வேண்டிய தோழர் வரத் தாமதம். ஒலிபெருக்கியில் பழைய பாட்டுகளைப் போட்டுவிட்டு நாங்கள் ரசீதுப் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, முன்னாடியெல்லாம் நீயே பாட்டுக் கட்டிப் படிப்ப. இப்ப மிசினைப் படிக்க விட்டுட்டியே?"

"நேரம் இல்ல ஆத்தா."

"நேரம் இல்லையா, மனசு இல்லையா?"

தோழர்களே, நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். நான் பாட்டு எழுதி ஏழு வருஷம் ஆகிறது. முழுநேர ஊழியனுக்கு வேலைக்கா பஞ்சம்? முதியோர் பென்ஷனுக்கு மனு, பட்டாவுக்கு மனு, போலீஸ் ஸ்டேஷனில் கூட்ட அனுமதி, நிதி வசூல், சந்தாப் பாக்கி. எல்லாம் செய்ய வேண்டிய வேலைதான். ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி பாயில் படுத்தால் காதில் ஒரு மெட்டும் கேட்பதில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் ஓய்வெடுத்தும் பார்த்தேன். தூக்கம் வந்தது, பாட்டு வரவில்லை.

இதை நான் கோம்பையில் இருந்துகொண்டு சொல்வதற்கே வெட்கப்பட வேண்டும். தேவாரம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் பண்ணைப்புரம். பாவலர் வரதராஜன் பிறந்த ஊர்!

இளைய தோழர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். 1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. நூலிழைப் பெரும்பான்மை! அந்த நிலையில் தேவிகுளத்தில் தோழர் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. அங்கே ஓட்டுப் போடுகிறவர்களில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். போடிமெட்டு ஏறினால் அந்தப் பக்கம். பாவலர் ஆர்மோனியத்தோடு மலையேறினார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாடினார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமா மெட்டு, அதில் அவர்களுடைய கூலியும் குறையும். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ரோசம்மா ஜெயித்தார்.

பாட்டுத்தான் ஜெயித்தது என்று நான் எழுதினால், அந்த மலையில் தொழிற்சங்கம் கட்டியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நியாயமான கோபம். ஆனால் அன்று பாட்டைச் சங்க வேலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் உண்மை.

அண்ணனின் கச்சேரிகளில் சிறுவயதிலேயே சேர்ந்துகொண்ட தம்பி ராசையாதான் இளையராஜா. 'அன்னக்கிளி' வந்த 1976-ல் அதைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை. 2025 மார்ச்சில் லண்டனில் தம்பியின் சிம்பொனி அரங்கேறியபோது நமது பள்ளத்தாக்கே பெருமைப்பட்டது. நானும்தான். ஆனால் தெருத்தெருவாக ஆர்மோனியம் சுமந்த காலத்தைப் பற்றி டீக்கடையில் எத்தனை பேர் பேசினோம்?

சரி, பாட்டு ஏன் வறண்டது? பாட்டியின் கேள்விக்குப் பிறகு இதைத்தான் யோசித்தேன். சர்க்கார் மீதோ செல்போன் மீதோ பழி போடுவது சுலபம். என் கையிலேயே ஒரு குற்றம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கூட்டங்களுக்கு ஒரு இளைஞன் தப்பு அடிக்க வருவான். அடித்தால் கை தானாகத் தாளம் போடும். "கூட்டம் சேருகிற வரைக்கும் அடி தம்பி" என்பேன். பேச்சாளர் கார் வந்து நின்றதும் கையைக் காட்டி நிறுத்துவேன். பாதி அடவில் நிற்கும். பிறகு அவன் வரவே இல்லை. காரணம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை!

கூட்டம் முடிந்த மறுவாரம் அவனைத் தேடிப் போனேன். ஏலக்காட்டு வேலைக்கு மலைக்குப் போகிறான், விடியுமுன் ஜீப் ஏறிவிடுவான் என்றார்கள். மறுநாள் அதே ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். தூக்குவாளியை மடியில் வைத்த பெண்கள், நெருக்கியடித்து. கம்பம்மெட்டு ஏறும்போது அவனிடம் கேட்டேன்.

"சாவு வீட்டுலயும் கூப்பிடுறாங்க, நீங்களும் கூப்பிடுறீங்க அண்ணே. ரெண்டு எடத்துலயும் அடிச்சு முடிச்சதும் ஓரமாப் போய் நிக்கணும். என்ன வித்தியாசம்?"

சாதி ஒழிப்பைப் பற்றி நான் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். அந்த ஜீப்பில் வாய் திறக்க முடியவில்லை.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார்களோ என்னவோ, பெண்கள் பேச்சை மாற்றினார்கள். பறித்த ஏலக்காயை எடைபோடும்போது கங்காணியின் கண் எங்கே இருக்கும் என்று ஒருத்தி நடித்துக் காட்டினாள். ஜீப்பே சிரித்தது. ஒருத்தி அதை நடவுப் பாட்டு மெட்டில் இழுத்தாள். இவன் ஜீப்பின் தகரத்தில் விரலால் தட்டினான். ஏழு வருஷமாகக் காணாமல் போனது அங்கேதான் உட்கார்ந்திருந்தது!

சாயங்காலம் திரும்பும்போது நாலு அடி எழுதி வாசித்துக் காட்டினேன். "உழைக்கும் மகளிர்" என்று ஒரு இடத்தில் போட்டிருந்தேன். "அது எங்க வாயில வராதுண்ணே, கூலிக்காரின்னு போடுங்க" என்றாள் கங்காணியை நடித்தவள். போட்டேன். அடி நிமிர்ந்து நின்றது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் சாகும்போது வயது 29. அதற்குள் அத்தனை பாட்டு எப்படி எழுதினார் என்று வியந்திருக்கிறேன். விவசாயிகளோடு புழங்கியவருக்குச் சொல்லுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

கிளைக் கூட்டத்தில் இதை வைத்தேன். பாட்டையும் தப்பையும் கூட்டம் சேர்க்கும் மணியாக அடிக்கக் கூடாது, நிகழ்ச்சி நிரலில் அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும், கலைஞனுக்கு மேடையில் நாற்காலி போட வேண்டும் என்றேன். இரண்டு தோழர்கள் மறுத்தார்கள். நிதி வசூலே பாக்கி, இதில் பாட்டுக்கு அரைமணி நேரமா என்றார்கள். வாதம் இன்னும் முடியவில்லை.

ஆனாலும் வருகிற ஞாயிறு சாயங்காலம் கூட்டம் இருக்கிறது. அவன் தப்போடு வருகிறேன் என்றிருக்கிறான். ஜீப்பில் பாடிய பெண்களும் வருகிறார்கள். பேச்சாளரின் கார் முன்னாலேயே வந்துவிட்டால், அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்கட்டும்.