கண்ணைப் பார்த்துப் பேசாத மகன்

'மை நேம் இஸ் கான்' என்ற ஹிந்தித் திரைப்படம் 2010 பெப்ரவரியில் வெளிவந்தது. கரண் ஜோஹர் இயக்கி, ஷாருக் கானும் கஜோலும் நடித்த படம். இத்தனை வருடங்களுக்குப் பிறகு அதைப் பற்றி இப்பகுதியில் எழுதுவானேன் என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். சினிமாவுக்கும் சமூக சேவைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். விசேட தேவையுடைய பிள்ளைகளின் தாய்மார்களோடு நாங்கள் நடத்தும் மாதாந்தச் சந்திப்பொன்றில், ஒரு தாய்தான் இப்படத்தைப் போட்டுக் காட்டும்படி கேட்டார். இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட படமென்பதால் இரண்டு நாள் பிற்பகலில் பார்த்தோம். பார்த்து முடித்தபின் நடந்த பேச்சு, படத்தைவிட நீளமாகப் போய்விட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிஸ்வான் கான் மும்பாயில் ஓர் எளிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவன். தாயின் மறைவுக்குப் பின் அமெரிக்காவின் சான் பிரான்ஸிஸ்கோ நகரில் வாழும் தம்பி ஸாகிரிடம் போகிறான். தம்பியின் மனைவி ஹஸீனா உளவியல் கற்பிப்பவர். ரிஸ்வானுக்கு இருப்பது எஸ்பேர்கர் நிலை என்பதை அடையாளம் காண்பவர் அவரே. அங்கே சிகையலங்காரம் செய்யும் மந்திரா என்ற ஹிந்துப் பெண்ணை ரிஸ்வான் விரும்பித் திருமணம் செய்கிறான். அவளுக்கு ஏற்கனவே சமீர் என்றொரு மகன் இருக்கிறான். அந்தப் பிள்ளையும் கான் என்ற பெயரை ஏற்றுக்கொள்கிறது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின்னர் அந்தப் பெயரே சுமையாகிறது. பாடசாலை மைதானத்தில் மூத்த மாணவர்கள் சிலர் சமீரைத் தாக்க, அவன் உயிரிழக்கிறான்.

அதற்குப் பிறகுதான் படத்தின் மையமான காட்சி. துக்கத்தில் வெடித்த மந்திரா, தன் மகன் இறந்ததற்குக் காரணம் கான் என்ற பெயர்தான் என்கிறாள். எப்போது திரும்பி வரலாம் என்று கேட்கும் கணவனிடம், தான் பயங்கரவாதி அல்ல என்பதை அமெரிக்க ஜனாதிபதியிடமே போய்ச் சொல்லிவிட்டு வா என்று ஆத்திரத்தில் கத்துகிறாள். ஆத்திரத்தில் சொன்னதென்று வேறு யாராக இருந்தாலும் புரிந்துகொள்வார்கள். ரிஸ்வான் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜனாதிபதியைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறான்.

ஓட்டிசம் என்பதை நம்மவர்கள் மதியிறுக்கம் என்றும் சொல்வார்கள். எஸ்பேர்கர் என்ற தனிப் பெயர் இப்போது மருத்துவ வழக்கில் இல்லை. அமெரிக்க உளமருத்துவர்களின் கைந்நூல் 2013இல் அதனை ஓட்டிச நிறமாலை என்ற பொதுப் பெயருக்குள் சேர்த்துவிட்டது. பெயர் மாறினாலும் படம் காட்டும் அடையாளங்கள் நம் தாய்மார்களுக்கு நன்கு பழக்கமானவை. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதில்லை. கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வது. தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்வது. திடீர்ச் சத்தம் ஆகாது. ரிஸ்வானுக்கு மஞ்சள் நிறமும் ஆகாது. "எண்ட மகனுக்கு மிக்ஸி சத்தம்" என்று ஒரு தாய் சிரித்தபடி சொன்னார்.

படத்தின் ஆரம்பத்தில் சான் பிரான்ஸிஸ்கோ விமானநிலையம். வரிசையில் நிற்கும் ரிஸ்வான் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தனக்குள் ஏதோ முணுமுணுக்கிறான். பக்கத்தில் நின்றவருக்குச் சந்தேகம் வருகிறது. உடனே பாதுகாப்பு அதிகாரிகள் அவனைத் தனியே கொண்டுபோய் ஆடையைக் களைந்து சோதிக்கிறார்கள். விமானமும் போய்விடுகிறது.

இந்தக் காட்சியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள் மீதான சந்தேகம் என்று மட்டும் எழுதினார்கள். அதில் பிழையில்லை. ஷாருக் கானே 2009 ஓகஸ்டில் நியூஆர்க் விமானநிலையத்தில் தடுத்து விசாரிக்கப்பட்டவர். 2012இலும் 2016இலும் அமெரிக்காவில் அவருக்கு மீண்டும் அதே அனுபவம். ஆனால் எங்கள் கூட்டத்தில் இருந்த தாய்மார் அந்தக் காட்சியில் வேறொன்றைக் கண்டார்கள். கண்ணைப் பார்க்காதவன், முணுமுணுப்பவன், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவன் ஆகியோரையே காவலுக்கு நிற்பவர் சந்தேகிப்பார். அவை எல்லாம் ஓட்டிசம் உள்ளவரின் அன்றாடப் பழக்கங்கள். அதற்கு மேல் பெயரும் கான் என்று இருந்துவிட்டால்?

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர் நம் நாட்டில் சோதனைகள் கடுமையாக இருந்த நாட்களை நினைத்து ஒரு தாய் சொன்னார்: "எண்ட மகன் ஆருட முகத்தயும் பாக்க மாட்டான் மிஸ். பேரக் கேட்டா, கேட்ட கேள்வியத்தான் திருப்பிச் சொல்லுவான். அவன அந்த நாள்ல ரோட்டுக்கே எடுக்கல்ல." பதினேழு வயதுப் பிள்ளை. மாதக் கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான். பழகிய நடை, பழகிய கடை, பழகிய நேரம் எல்லாம் நின்றுபோனதில் அவன் பேசிய சில சொற்களும் குறைந்துவிட்டன என்றார். அவற்றில் சில இன்னும் திரும்பவில்லை.

சமூகவியல் படித்த காலத்தில் எர்விங் கொஃப்மன் என்ற அறிஞர் 1963இல் எழுதிய நூலொன்றைப் படித்தோம். சமூகம் மனிதர்மேல் குத்தும் முத்திரைகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். உடற்குறை பற்றியது ஒன்று. மனநிலை, நடத்தை பற்றியது இன்னொன்று. இனம், நாடு, மதம் பற்றியது மூன்றாவது. முத்திரை குத்தப்பட்டவரோடு சேர்ந்திருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேரும் என்றும் அவர் எழுதினார். பரீட்சைக்காக மனனம் செய்த விடயம் அது. இப்படத்தில் ரிஸ்வான்மேல் இரண்டு முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மந்திராவும் சமீரும் அவனுடைய பெயரைப் பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பங்குக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

மந்திராவை எங்கள் கூட்டத்தில் சிலர் கடுமையாகப் பேசினார்கள். கணவனை இப்படி விரட்டலாமா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையை இழந்தவள் உலகத்தோடு மோத முடியாமல், கையெட்டும் தூரத்தில் நிற்பவனோடு மோதுகிறாள். வீடுகளுக்குள் நாம் அடிக்கடி காண்பது இதைத்தான். வெளியார் பிள்ளையைப் பார்த்து முகஞ்சுளித்தால், அந்த வேதனை இரவில் கணவன் மனைவி சண்டையாக மாறும். யார் பக்கத்துப் பரம்பரையில் இது இருந்தது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும்.

குற்றத்தைத் தாயின் தலையில் போடும் வழக்கம் வீட்டாருக்கு மட்டும் உரியதல்ல, மருத்துவத்திலும் இருந்தது. லியோ கானர் 1943இல் ஓட்டிசத்தை விவரித்தபோதே பெற்றோரின் குளிர்ந்த மனத்தைக் குறிப்பிட்டார். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு நூலே எழுதி, அன்பு காட்டாத தாய்மாரே காரணம் என்ற எண்ணத்தைப் பரப்பினார். தன் மகனுக்கே ஓட்டிசம் இருந்த பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இலேயே அதனை மறுத்து எழுதியிருந்தும் அந்தப் பழி எளிதில் நீங்கவில்லை. பின்னர் தடுப்பூசிமேல் பழி விழுந்தது. 1998இல் அப்படி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரையை 'லான்செட்' என்ற மருத்துவச் சஞ்சிகை மீளப் பெற்றதும் இப்படம் வெளியான அதே 2010 பெப்ரவரியில்தான். தடுப்பூசியால் ஓட்டிசம் வருவதில்லை. தாயின் வளர்ப்பாலும் வருவதில்லை. இதை இங்கே அழுத்தி எழுதுவதற்குக் காரணம், இன்றும் கிளினிக் வாசலில் இவ்விரு கேள்விகளையும் தாய்மார் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்.

இப்பின்னணியில் பார்த்தால் ரிஸ்வானின் தாய் ரஸியாவின் பாத்திரம் எவ்வளவு அழகானது என்பது விளங்கும். ஸரீனா வஹாப் நடித்திருக்கிறார். மும்பாயில் இனக்கலவரம். தெருவில் ஹிந்துக்களைப் பற்றிச் சிலர் கத்திய வெறுப்பு வார்த்தைகளைச் சிறுவன் ரிஸ்வான் வீட்டில் வந்து அப்படியே திருப்பிச் சொல்கிறான். அவனுக்கு அதன் பொருள் தெரியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்வது அவன் நிலையின் ஓர் அம்சம். ரஸியா அவனை அடிக்கவில்லை, வாயைப் பொத்தவுமில்லை. தாளும் பென்சிலும் எடுத்துக் குச்சி மனிதர்களை வரைகிறார். ஒருவன் கையில் அடிக்கும் தடி, மற்றவன் கையில் கொடுக்கும் இனிப்பு. இதில் யார் ஹிந்து, யார் முஸ்லிம் என்று கேட்கிறார். பிள்ளைக்குப் படத்தில் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. நல்லவன், கெட்டவன் என்ற வித்தியாசம் மட்டும் தெரிகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சைவிடப் படம் நன்றாக விளங்கும் என்பதை இன்று ஆசிரியைகள் பயிற்சியில் கற்கிறார்கள். ரஸியா அதைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டவர். கேட்ட வெறுப்பைப் பொருள் தெரியாமல் திருப்பிச் சொல்பவர்கள் நம் பேருந்துகளிலும் கல்யாண வீடுகளிலும் தாராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த நோயின் பெயரும் இல்லை.

தம்பி ஸாகிரைப் பற்றிப் படம் அதிகம் பேசவில்லை. எனக்கு அதில் சற்றுக் குறைதான். தாயின் நேரம் முழுவதும் அண்ணனுக்கே போனதால் அவனுக்குள் ஒரு கசப்பு வளர்கிறது. நன்றாகப் படித்தும் அதைக் கொண்டாட ஆளில்லை. எங்கள் குடும்பங்களில் இப்படிப்பட்ட தம்பிகளும் தங்கைகளும் நிறைய. கரைச்சல் தராத பிள்ளை என்று பாராட்டி, அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம்.

படத்தின் பிற்பகுதியில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. ஜனாதிபதி புஷ் கலந்துகொள்ளும் கூட்டத்தில் ரிஸ்வான் தன் வாக்கியத்தை உரக்கச் சொல்கிறான். சுற்றி நின்றவர்கள் காதில் 'பயங்கரவாதி' என்ற சொல் மட்டும் விழுகிறது. 'அல்ல' என்பது விழவில்லை. சிறையில் அடைத்து வதைக்கிறார்கள். இது மிகக் கூர்மையான காட்சி. ஆனால் அதன்பின் படம் ரிஸ்வானைப் படிப்படியாகப் புனிதனாக்கிவிடுகிறது. பள்ளிவாசலில் வன்முறைக்குத் தூண்டிய வைத்தியரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவித்தவன் அவன். சூறாவளியில் மூழ்கும் ஊரில் கறுப்பின மக்களைக் காக்கிறான். கத்திக்குத்து வாங்குகிறான். இறுதியில் புதிய ஜனாதிபதி அவனை ஏற்றுக்கொள்கிறார்.

பயங்கரவாதி அல்ல என்று நிரூபிக்க இவ்வளவும் செய்ய வேண்டுமா? ஒரு சாதாரண முஸ்லிம், தன் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்து, வரி கட்டி, சில நாள் கோபித்துக்கொண்டு வாழ்பவர், அவருக்கு அந்த மரியாதை இல்லையா? ஓட்டிசம் விடயத்திலும் இதே கணக்குத்தான். ரிஸ்வான் எந்த இயந்திரத்தையும் பழுது பார்ப்பான். 1988இல் வந்த 'ரெயின் மேன்' ஆங்கிலப் படத்தின் நாயகனுக்கு எண்களில் அபார ஆற்றல். திரையில் வரும் ஓட்டிசப் பிள்ளைக்கு எப்போதும் ஏதாவதொரு அதிசயத் திறமை இருந்தாக வேண்டும். எங்கள் கூட்டத்துப் பிள்ளைகளில் ஒருவன் சேர்ட் பொத்தானைத் தானே போட ஒன்றரை வருடம் பழகினான். அவனுடைய தாய் அன்று எங்களுக்கெல்லாம் வட்டிலப்பம் கொண்டுவந்தார்.

யதார்த்தத்தில் சந்தேகம் ஆளைப் பார்த்து வருவதில்லை. அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகத்தின் பதிவுகளின்படி முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் 2000ஆம் ஆண்டில் 28. 2001இல் 481. பணியகத்துக்கு அறிவிக்கப்பட்டவை மட்டுமே இவை. செப்டெம்பர் 15இல் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தன் எரிபொருள் நிலையத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும் போதுமாயிருந்தன. படம் முடியும்போது காட்டும் நம்பிக்கையும் நிலைக்கவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் உத்தரவு 2017 ஜனவரியில் வந்தது. பலமுறை திருத்தப்பட்ட அந்தத் தடை 2021இல் நீக்கப்பட்டது.

என் மனதில் நின்ற பாத்திரம் ஹஸீனா. கல்லூரியில் யாரோ ஒருவர் அவருடைய ஹிஜாபை இழுத்துப் பறித்துவிடுகிறார். வீட்டில் கணவரே அதைக் கழற்றிவிடும்படி சொல்கிறார். இறைவன் புரிந்துகொள்வான், இந்த மனிதர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது அவர் வாதம். பயத்தில் சொல்கிறார், தப்பான மனிதரல்ல. ஹஸீனாவும் கழற்றுகிறார். பிறகு ஒருநாள், யாரையும் கேட்காமல் மீண்டும் அணிந்துகொண்டு வகுப்புக்குப் போய் நிற்கிறார். சூறாவளியும் இல்லை, ஜனாதிபதியும் இல்லை. வழக்கம்போல வேலைக்குப் போகிறார். படம் அவருக்கு ஒதுக்கிய நேரம் சில நிமிடங்களே.

பிள்ளைகளோடு பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ரஸியா குச்சி மனிதர்களை வரையும் இடத்தில் நிறுத்தி, ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். சமீர் தாக்கப்படும் காட்சி சிறுவர்களுக்கு ஏற்றதல்ல, அதைத் தாண்டிப் போய்விடலாம். சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளை வீட்டில் இருந்தால், சூறாவளிக் காட்சி வருவதற்கு முன்பே ஒலியைக் குறைத்து வையுங்கள்.