குப்பைமேட்டின்மேல் வளர்ந்த காடு



பிழைப்பின் நிமித்தம் நகரத்தில் வந்து குடியேறிய நம்மில் அநேகருக்கு, மரம் என்பது ஊரோடு விட்டுவந்த காரியமாய்ப் போயிற்று. வேம்பும் பனையும் புளியும் அங்கே. வேலையும் வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் இங்கே. பூங்காவைக் குறித்துப் பேசினால், "அதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு, ஐயா" என்கிறார்கள். எனக்கோ இது தலைகீழான எண்ணமாகத் தோன்றுகிறது. குளிர்சாதனம் வைத்திருக்கிறவன் கதவை அடைத்துக்கொள்வான். தகரக் கூரையின்கீழ் ஒரே அறையில் ஐந்துபேர் படுத்துறங்கும் குடும்பத்துக்கல்லவா அருகிலுள்ள மரங்கள் அதிகமாய்த் தேவைப்படுகின்றன?

நான் அறிந்த மும்பையையே எடுத்துக்கொள்கிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிற தாராவிக்கு எதிரே, சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையை ஒட்டி, மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 37 ஏக்கர். ஒரு காலத்தில் அது நகரத்துக் குப்பை கொட்டும் மேடு. பறவையியல் அறிஞர் சலீம் அலி 1983-ல் அங்கே மரக்கன்று நட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1994-ல், பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பையின்மேல் வேர்விட்ட கன்றுகள் இன்று அடர்ந்த காடாய் நிற்கின்றன. உள்ளே நடக்க நடக்க, சாலையின் ஹாரன் சத்தம் மங்கி, பறவைச் சத்தம் மேலோங்கும். உதிர்ந்த இலை மக்கி எருவாகிறது. பெய்த மழை குளத்தில் சேர்கிறது. தாராவியிலேயே பிறந்து வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்தும், அந்த வாசலுக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைக்காதவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பூங்காவை உரசிக்கொண்டு ஓடுவது மித்தி ஆறு. ஆறு என்றால் சிரிப்பீர்கள். நாம் அதைச் சாக்கடை என்றே அறிந்திருக்கிறோம். விகார், போவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே மித்தியாகி, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. விகார் ஏரி 1860-ல் முடிக்கப்பட்டது. அதன் பக்கத்திலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு. அந்தக் காட்டு மண் மழையை வாங்கி, மெல்ல மெல்ல ஏரிக்குக் கொடுக்கிறது. ஆற்றின் தலைமாட்டில் ஒரு காடு, கால்மாட்டில் அலையாத்திக் காடு, இடையிலோ கட்டிடங்கள். 2005 ஜூலை 26-ஐ மும்பைவாசிகள் மறக்கக்கூடுமா? சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. இத்தனை மழையை எந்த மண்ணும் முழுவதும் குடித்திருக்காது என்பது மெய்யே. ஆனாலும் ஆற்றோரத்துச் சதுப்பை மண்கொட்டி மேடாக்கி, ஆற்றின் அகலத்தையும் குறுக்கியபின், வந்த நீர் வேறெங்கே போகும்? வீடுகளுக்குள் வந்தது. அவ்வருஷம் அக்டோபரில், மகாராஷ்டிரம் முழுவதிலும் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்கு பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

வெயிலுக்கு வருவோம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மரமும் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியாய் ஆவியாக்கி, சுற்றிலுமுள்ள காற்றைக் குளிரச்செய்கிறது. அத்துடன் நிழலும் தருகிறது. சிமெண்டுத் தரையோ பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வெளியே விடுகிறது. மே மாதத்து இரவில் கைக்குழந்தை அழுவதற்கு வயிற்றுவலி மாத்திரம் காரணமல்ல.

மனதைக் குறித்தும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரில் பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான். ஆனால் தகப்பனார் காலமானபின் ஊரிலிருந்து கூட்டிவந்த தாயாரை நினைத்துப்பாருங்கள். பகலெல்லாம் மகனும் மருமகளும் வேலையில். அம்மாவுக்கு எதிரே சுவர். ஊரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாலுபேரிடம் பேசினவர்கள் அவர்கள். டாக்டர் சோதித்து, நோய் ஒன்றுமில்லை என்கிறார். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் போகும்போது, "மாலையில் அரைமணி நேரம் மரமுள்ள இடத்துக்கு அழைத்துப்போங்கள்" என்று சொல்வதுண்டு. பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில், தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விடப்பட்ட சிறுபிள்ளைகளில் மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவிகிதம்; அப்படி விடப்படாதவர்களில் 39 சதவிகிதத்துக்கு மேல். 2015-ல் வெளியான ஆய்வு இது.

இவ்வளவையும் ஏன் இப்போது எழுதுகிறேன்? தாராவியில் மறுவளர்ச்சித் திட்டம் வருகிறது. பூங்காவும் அதற்குள் போய்விடுமோ என்ற அச்சத்தால் வழக்கு நடந்து, பூங்கா திட்டத்தில் சேராது என்று 2023-ல் உயர் நீதிமன்றத்தில் உறுதி கூறப்பட்டது. நல்லது. ஆனால் உங்கள் கட்டிடத்துக்கும் ஒருநாள் பில்டர் வருவார், வண்ணப்படம் காட்டுவார். கார் நிறுத்தும் தளத்தின்மேல் புல் விரித்து, அதையும் தோட்டம் என்பார். அடியில் கான்கிரீட் இருக்க, மழை எந்த மண்ணில் இறங்கும்? படத்தில் சதுர அடியை எண்ணுகிற நாம், திறந்த மண் எவ்வளவு மிஞ்சுகிறது, பழைய மரங்களில் எவை நிற்கும் என்று கேட்கிறோமா? கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மகாராஷ்டிரத்தில் 1975-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, மர ஆணையத்தின் அனுமதியின்றி நகரத்து மரத்தை வெட்டக்கூடாது.

மறுவளர்ச்சி வராத சொசைட்டிகளிலும் ஓர் அபாயம் உண்டு. சேறு மிதிக்கக் கூசி, முற்றம் முழுவதும் டைல்ஸ் பதித்து, மரத்தின் கழுத்துவரை சிமெண்டு பூசிவிடுகிறோம். மும்பையின் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் அநேகம் பட்டுப்போனதற்கு மாவுப்பூச்சியோடுகூட, வேரை மூடிய கான்கிரீட்டும் காரணமாய்ச் சொல்லப்பட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றவேண்டும் என்று 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. எந்த நகரத்திலிருந்தாலும் இந்த ஒரு மீட்டரை உங்கள் சொசைட்டிக் கூட்டத்தில் கேட்கலாம். மழைக்காலத்துக்கு முன் நடக்கும் கூட்டத்திலேயே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். முற்றத்து வேலைக்கு காண்டிராக்டர் முன்பணம் வாங்கியபின் போய் நின்றால், யாரும் செவிகொடுக்கமாட்டார்கள்.