விண்ணிற் கிடக்கும் முள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்தில் செல்வோருக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். பூமியைச் சுற்றிவரும் ஓர் உடைந்த உலோகத் துண்டோ இத்தொலைவை ஐந்தாறு நொடிகளில் கடந்துவிடும். அவ்வேகத்தில் ஒரு சிறு திருகாணி மோதினாலும் பல கோடி ரூபாய்ச் செயற்கைக்கோள் பாழாகலாம்.

பயன் முடிந்த செயற்கைக்கோள்கள், கழன்றுபோன இராக்கெட் அடுக்குகள், அவை வெடித்தும் மோதியும் சிதறிய துண்டுகள் ஆகியவற்றையே விண்வெளிக் குப்பை என்கின்றனர். ஒரு சென்டிமீட்டரினும் பெரியவை மட்டுமே பத்து இலட்சத்துக்கு மேல் இருக்குமென ஐரோப்பிய விண்வெளி முகமை மதிப்பிட்டுள்ளது. தாழ்வாகச் சுற்றுபவை மெல்லிய காற்றின் உராய்வால் வேகமிழந்து, கீழிறங்கி எரிந்துபோகும். 800 கிலோமீட்டர் உயரத்திலுள்ளவையோ நூற்றாண்டுக் கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும்.

இக்குப்பையில் நம் நாட்டின் பங்கும் உண்டு. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-3 மூன்று செயற்கைக்கோள்களையும் செவ்வனே நிலைநிறுத்தியது. வெற்றியைக் கொண்டாடினோம். ஆனால், பணி முடிந்து மிதந்துகொண்டிருந்த அதன் இறுதி அடுக்கு டிசம்பர் 19 அன்று வெடித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது.

அந்நிகழ்ச்சி ஒரு பாடமாயிற்று. பணி முடிந்ததும் தொட்டியில் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றி, வெடிக்க வாய்ப்பில்லாதவாறு அடுக்கைச் செயலிழக்கச் செய்யும் முறையை நம் விஞ்ஞானிகள் கைக்கொண்டனர்.

அதன் பயனை 2023இல் கண்டோம். விழுப்புரத்தில் இரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய சந்திரயான்-3, ஜூலை 14 அன்று ஏவப்பட்டது. நிலவில் அது இறங்கியதை உலகமே வியந்து நோக்கியது. அதனைச் சுமந்து சென்ற இராக்கெட்டின் மேலடுக்கு என்னவாயிற்று என்று கேட்டவர் சிலரே. எஞ்சிய எரிபொருள் நீக்கப்பட்ட அவ்வடுக்கு, 124 நாட்களில், நவம்பர் 15 அன்று, காற்றுமண்டலத்துள் நுழைந்தது. அது வட பசிபிக் பெருங்கடற்பகுதியில் விழுந்திருக்குமெனக் கணிக்கப்பட்டது. இத்தகைய அடுக்குகள் 25 ஆண்டுகளுக்குள் அகல வேண்டுமென்பதே உலக நெறி.

2030ஆம் ஆண்டுக்குள் இந்திய விண்பயணங்கள் அனைத்தையும் குப்பையற்றவையாக்க இஸ்ரோ 2024இல் இலக்கு வகுத்தது. எனினும், ஒரு நாடு மட்டும் பேணுவதால் வானம் தூய்மையாகிவிடாது.

வழியிற் கிடக்கும் முள்ளை அகற்றுவது தருமம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். முள்ளைப் போடாதிருப்பது அதனினும் முந்திய கடமையன்றோ? நிலவை எட்டிய தலைமுறை என்று நம்மைப் புகழப்போகும் பேரப்பிள்ளைகள், அங்குச் செல்லும் வழியையும் தூய்மையாக விட்டுச்சென்றோம் என்று சொல்ல வேண்டும்.