கல்லணை திறக்குமுன்: ஆற்றங்கரை மக்களின் கோரிக்கைச் சாசனம்

காவிரியிலும் வெண்ணாற்றிலும் கொள்ளிடத்திலும் குளித்து, துணி துவைத்து, பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கி வாழ்கிறவர்கள் நாங்கள். ‘ஆற்றில் இறங்காதீர்’ என்று பலகை நட்டுவிட்டுப் போவது எங்களுக்குப் பதிலாகாது. இறங்கும் இடம் பத்திரமாக இருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகமும் நீர்வளத்துறையும் செய்து முடிக்க வேண்டியவை இவை.

தண்ணீர் வருவதை முன்கூட்டிச் சொல்லுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகிறது. எந்த ஆற்றில் எவ்வளவு விடப்போகிறார்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் துணி அலசுகிற பெண்ணுக்குத் தெரியாது. திறக்கும்போதும் கூட்டும்போதும் மதகு பார்க்கும் லஸ்கர் ஊருக்கு ஒரு போன் போட்டால் போதும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் மைக் இருக்கிறது. பணம் தேவைப்படாத இந்த வேலையை நாளைக்கே தொடங்கலாம்.

கொள்ளிடத்துப் பள்ளங்களை அடையாளமிடுங்கள். மணல் அள்ளிய குழிகள் கோடையில் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வந்தால் எல்லாம் ஒரே மட்டமாக ஓடும். முட்டியளவில் நடந்தவர் அடுத்த அடியில் ஆள் ஆழத்தில் இருப்பார். மடு எங்கே என்று எங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து பூண்டி மாதா கோயிலுக்கு வந்தவர்களில் ஆறு பேரைக் கொள்ளிடம் கொண்டுபோயிற்று. உள்ளூர்க்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு பள்ளங்களைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புக்கொடி கட்ட வேண்டும். குளிக்கும் எல்லைக்குக் கயிறு கட்ட வேண்டும். யாத்திரிகர் இறங்கும் துறைகளில் முதலில்.

கல்லணைக் கால்வாயில் ஏறுவதற்கு வழி வையுங்கள். மண்கரையாக இருந்த காலத்தில் தவறி விழுந்தவர் கோரையையோ வேரையோ பற்றிக் கரையேறினார். இப்போது கான்கிரீட் சரிவு. பாசி படிந்த இடத்தில் விரல் பிடிக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கரையைத் தொட்டுத் தொட்டு வழுக்கிக்கொண்டே போவார். கடைமடைக்குத் தண்ணீர் சேரத்தான் கான்கிரீட் போட்டார்கள், அதில் எங்களுக்குச் சம்மதமே. ஐம்பது மீட்டருக்கு ஓர் இரும்புப் படி, பிடித்துக்கொள்ளச் சங்கிலி, பாலங்களுக்கு அடியில் குறுக்குக் கயிறு வேண்டும். ஜனவரி 28-ல் மேட்டூரை அடைத்து ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். இடையில் கால்வாய் காய்ந்து கிடக்கும் மாதங்களே வேலைக்காலம். அதைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போய்விடும்.

படித்துறைதோறும் நீளக் கயிறும் காற்றடைத்த டியூபும் தொங்க வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

பிள்ளைகளுக்கு நீச்சலும் முதலுதவியும் பள்ளிக்கூடமே கற்றுத்தர வேண்டும். வாழைத்தண்டையும் சுரைக்குடுக்கையையும் கட்டிப் பழக்கிய பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். சம்பளம் கொடுத்து அவர்களை அழையுங்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே பழக்கட்டும். மூழ்கி இறப்பதைத் தடுக்க ஐ.நா. 2021-ல் அறிவித்த நாள் ஜூலை 25. ஆடிப்பெருக்குக்கு அதிலிருந்து பத்து நாள்கூட இல்லை. பிள்ளைகளின் முதல் அணி ஆடிப்பெருக்குக்குள் பழகியிருக்க வேண்டும்.

மே 1 கிராம சபையில், எந்தப் படித்துறையில் எந்த வேலை முடிந்தது, எது பாக்கி, ஏன் பாக்கி என்று ஊர் ஊராக வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் கணக்கோடு வருவோம்.