கோடையின் முதல் வேலை மொட்டைமாடியில்

கத்திரி வெயில் பிறப்பதற்கு முன்பே அறிவுரைகள் வந்துவிடுகின்றன. மண்பானைத் தண்ணீர் குடியுங்கள், பருத்தி உடுத்துங்கள், வெட்டிவேர்த் தட்டி கட்டுங்கள், ஏ.சி.யை 24-க்குக் கீழே இறக்காதீர்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். இவற்றில் பலவற்றை நானும் கடைப்பிடிக்கிறேன். ஆனால், கட்டடங்களுக்குள் வெப்பம் எந்த வழியாக நுழைகிறது என்பதைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்கொரு மனக்குறை உண்டு. சூழலுக்கு இணக்கமான கோடை வாழ்க்கை என்று நாம் பேசுவதெல்லாம், ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும் வீட்டுக்குள் எப்படிச் சிக்கனமாக இருப்பது என்பதைப் பற்றித்தான். வீடு ஏன் கொதிக்கிறது என்ற கேள்விக்கு நாம் போவதே இல்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டால், நம் கண் முதலில் போக வேண்டிய இடம் ஏ.சி. ரிமோட் அல்ல, மொட்டைமாடி.

தமிழ்நாடு பூமியில் அமைந்திருக்கும் இடம் அப்படி. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் இங்கே உச்சிக்கு நேர் மேலே வந்துவிடும். கன்னியாகுமரியில் அதற்கும் முன்னதாக, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே. அதன் பிறகு ஆகஸ்ட் வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆகவே கோடையில் தெற்குச் சுவர் ஏறக்குறைய தப்பித்துக்கொள்ளும். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் அடி வாங்கும். நாள் முழுக்க வாங்கிக்கொண்டே இருப்பது கூரைதான். தெளிந்த மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மீது 900 முதல் 1,000 வாட் வரை வெயில் விழுகிறது. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் மொத்தம் 85, 90 கிலோவாட்டுக்குக் குறையாது. ஒரு ஒன்றரை டன் ஏ.சி. அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் 5 கிலோவாட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். விழுகிற வெயில் முழுவதும் வீட்டுக்குள் இறங்கிவிடாது. பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிவிடும். இருந்தாலும் எந்தப் பெரிய எதிரியோடு எந்தச் சிறிய கருவியை மோதவிட்டிருக்கிறோம் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் தளத்தில், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த கனமான படுகை, அதற்கும் மேல் தட்டோடு. வெயில் இத்தனையையும் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இதைச் சொல்லும்போதே பழையபடி கட்டுவோம் என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வளவு தேக்குக்கு எந்தக் காட்டை வெட்டுவது? நான்கு மாடிக் குடியிருப்பை உத்திரம் போட்டு எழுப்பவும் முடியாது. நாம் மீட்க வேண்டியது அந்தப் பொருள்களை அல்ல, கூரைக்கு மேல் ஒரு தடுப்பு வேண்டும் என்ற அந்த ஒழுங்கை. கான்கிரீட் வந்த பிறகும் சில காலம் அது நீடித்தது. தளத்தின் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தார்கள். இன்று செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கைவைக்கப்படுவது அந்த அடுக்கில்தான். 2018 டிசம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, 1.2 வாட். மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது.

இதன் பொருள் என்ன என்பதை வியாசர்பாடியில் மேல்மாடி வாடகை வீடு ஒன்றில் கையால் தொட்டு உணர்ந்தேன். மே மாத இரவு, மணி ஒன்பது. முக்காலியில் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்தேன். சற்று முன் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைப் போலிருந்தது. வெளியே கடற்காற்று வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கான்கிரீட் பகலில் வாங்கிய வெப்பத்தை நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் இறக்கும் என்பதால், மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமும் கூரை மிகச் சூடாக இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த வீட்டு அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். “ஃபேன் போட்டா மேல இருக்கிற அனலைத்தான் இறக்குது சார், நிறுத்தினா புழுங்குது” என்றார். சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிப்போய் மாடியில் ஊற்றுவார்களாம். “லாரித் தண்ணி சார், ஊத்தவே மனசு வராது.” மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்கலாமே என்றேன். “அடிச்சுக் குடுத்துட்டு வாடகையை ஏத்திடுவாரு” என்றார்.

வெள்ளை அடிப்பது மிகைப்படுத்தப்பட்ட யோசனை என்று என் துறையிலேயே சிலர் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெறும் சுண்ணாம்பு ஒரு வடகிழக்குப் பருவமழைக்குத் தாங்காது. விலை கூடிய வெப்பத்தடுப்புப் பெயின்ட்டும் தூசியும் பாசியும் படிந்தால் பளபளப்பை இழக்கும். அவ்வப்போது தேய்த்துக் கழுவ வேண்டும். பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்தால் அங்கே இருப்பவர்களுக்குக் கண் கூசும். எல்லாம் உண்மை. ஆனாலும் வெற்றுச் சிமென்ட் தளம் தன் மீது விழும் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்குகிறது. புதிதாக வெள்ளை பூசிய தளம் கால்வாசி அளவுதான் விழுங்கும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் தரும் வேறொரு வேலையை என் அனுபவத்தில் நான் பார்க்கவில்லை. வசதியிருந்தால் வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். உடைந்த டைல்ஸ் துண்டுகளும் போதும், பல ஆண்டுகள் நிற்கும். சோலார் தகடுகளைத் தளத்திலிருந்து உயர்த்திப் பொருத்தினால் மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கீற்றுக் கொட்டகையின் குளிர்ச்சிக்கு ஈடில்லை என்றாலும், நெருக்கமான நகரத்தில் தீ பயத்தால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

கீழ்த்தளங்களில் இருப்பவர்களுக்குக் கூரையால் தொல்லையில்லை. அவர்களுக்குச் சிக்கல் மேற்கு ஜன்னல். இங்கே அடிக்கடி பார்ப்பது, கண்ணாடிக்கு உள்பக்கம் கனமான திரை போடுவது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான். திரை அதை வாங்கி அறைக்கே திருப்பிக் கொடுக்கும். மூங்கில் தட்டியோ கோரைப்பாயோ பச்சை வலையோ ஜன்னலுக்கு வெளியே தொங்க வேண்டும். தனி வீடாக இருந்து மேற்கே கொஞ்சம் இடமிருந்தால் ஒரு புங்கை வையுங்கள். மாசியில் இலை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் பச்சைப் பசேலென்று தளிர்த்து நிற்கும் மரம் அது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களின் இடத்தில் சிமென்ட் பூசிவிட்ட தெருக்களை இன்றும் பார்க்க முடிகிறது.

வெப்பத்தை வெளியே நிறுத்திய பிறகுதான் கருவிகளின் முறை. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண். பழைய வகை விசிறி 70, 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டை ஒட்டி முடித்துவிடும். விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயமாகியிருப்பதால் கடையில் பார்த்து வாங்குவது எளிது. ஏர்கூலர் வேலூரிலோ மதுரையிலோ பகல் காற்று வறண்டிருக்கும்போது அருமையாக வேலை செய்யும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றின் ஈரம் அதைத் தோற்கடித்துவிடும். தண்ணீரும் செலவு, புழுக்கமும் கூடும். ஊருக்கு ஊர் மாறும் இந்த வேறுபாட்டைப் பொது அறிவுரைகள் கணக்கில் எடுப்பதில்லை.

ஏ.சி. பயன்படுத்துவதைக் குற்றம்போலப் பேசுவது எனக்கு ஏற்புடையதல்ல. முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் அனல் அலை நாள்களில் அது உயிர் காக்கும் கருவி. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். 26-இல் வைத்து விசிறியையும் சுழலவிட்டால் பெரும்பாலானோருக்குப் போதும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததே. பலரும் அறியாத ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் மாதம் சர்வீஸுக்கு வருகிற மெக்கானிக், “கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்தணும்” என்பார். நாமும் ஏற்றிக்கொள்வோம், அடுத்த ஆண்டும் ஏற்றுவோம். ஏ.சி.க்குள் இருக்கும் வாயு எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. பல பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-410ஏ வாயு, கரியமில வாயுவைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கும் தன்மை கொண்டது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கணக்குப் போட்டால், ஒரு கிலோ ஆர்-410ஏ கசிவது கிட்டத்தட்ட 2,900 யூனிட் மின்சாரம் எரித்ததற்குச் சமம். நல்ல ஐந்து நட்சத்திர ஏ.சி. மூன்று ஆண்டு கோடையில் எடுக்கும் மின்சாரத்தைவிட அதிகம் அது. புதிய ஏ.சி.களில் உள்ள ஆர்-32-இன் தாக்கம் 675 மடங்கு, மூன்றில் ஒரு பங்கு. சில மாடல்களில் வரும் புரொப்பேன் வாயுவான ஆர்-290-க்குத் தாக்கம் மிகச் சொற்பம். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதற்கான கிகாலி உடன்படிக்கையை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டாலும், அந்தக் குறைப்பு நமக்கு 2032-இல்தான் தொடங்குகிறது. அதுவரை நம் கையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி: “எங்கே லீக் என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டு ஏற்றுகிறீர்களா?” அதற்கு ஆகும் கூடுதல் கூலியைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். பழைய ஏ.சி.யைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லவும் வேண்டும்.

மின்சாரத்திலும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் நம் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. ஆனால் வீட்டு ஏ.சி.கள் ஓடுவது இரவில். பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குக் காற்று மே கடைசியில்தான் வலுக்கும். எனவே ஏப்ரல் இரவு ஒன்றில் நாம் எடுக்கும் யூனிட் பெரிதும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. கூரை குளிர்ந்த வீட்டில் மிச்சமாவது அந்த இரவு மின்சாரம்தான். அதோடு, ஏ.சி. உள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தையெல்லாம் கொட்டுவது பக்கத்துச் சந்தில், ஏ.சி. இல்லாதவரின் ஜன்னலுக்கு எதிரே. நம் வீட்டுக்குத் தேவை குறைந்தால் அவருக்கும் அனல் குறைகிறது.

வியாசர்பாடி அம்மாவுக்கு இதில் என்ன வழி? அவர் வீட்டில் ஏ.சி. இல்லை, மாடி அவருடையதல்ல. அரசு தரும் நூறு யூனிட் இலவசம்கூட, சப்-மீட்டர் வைத்து வீட்டுக்காரர் சொல்லும் விலையில் மின்சாரம் வாங்குபவர்களுக்குப் பல நேரம் வந்து சேர்வதில்லை. சூழல் இணக்க வாழ்க்கையைத் தனிமனித ஒழுக்கமாக மட்டுமே பேசினால் மிகக் குறைவாகச் செலவழிக்கும் இந்த வீடுகள்தான் மிக அதிகமாக வேகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். வரவேற்கத்தக்க முடிவு அது. உயிரோடு இருப்பவரின் கூரைக்கும் அதே அக்கறை வேண்டும்.

வழி ஏற்கெனவே நாம் கண்டதுதான். 2003-இல் இதே மொட்டைமாடிகளில் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியது. முணுமுணுப்பு இருந்தது, பெயருக்குக் குழாய் பதித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் மாடியில் விழுவது வீட்டுக்காரரின் சொந்த விஷயம் மட்டுமல்ல, ஊரின் விஷயம் என்பதை அந்தச் சட்டம் நிலைநாட்டியது. மழைக்குச் செல்லும் அந்த நியாயம் வெயிலுக்கும் செல்லும். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை வகுத்து அரசு, வணிகக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே புதிய வீடுகளுக்குக் கட்டட அனுமதி தரும்போதே இதைக் கேட்கலாம். வாடகைக்கு விட்ட பழைய வீடுகளுக்குச் சொத்து வரியில் ஒரு தள்ளுபடி தரலாம். அந்த வேலையைக் காட்டி வாடகை ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய அடுக்ககங்களுக்கு இந்தச் சிக்கல்கூட இல்லை. கட்டியது அரசு வாரியமே. அங்கே மேல்தளத்துக் குடும்பங்களுக்காக அடுத்த மாசியில், தளம் காய்ந்திருந்து வெயில் இன்னும் ஏறாதிருக்கும் நாள்களில் வேலையைத் தொடங்கினால், பங்குனி பிறப்பதற்குள் முடித்துவிடலாம்.